ஐம்பது பெட்டி லக்

இந்தக் கதையில் ஒரு சொல் பொய்யாக இருந்தால், தெய்வாத்தாளின், கம்பி நசுக்குகிற கிரிம்பிங் டூலுக்குள் என் நாக்கை வைத்து அழுத்தட்டும். விளையாட்டுச் சத்தியம் இல்லை இது. அந்த டூலோடு பழகியவர்களுக்குத் தெரியும். ராட்செட் என்கிற பற்சக்கரம் வைத்தது. ஒருமுறை அழுத்த ஆரம்பித்துவிட்டால் கடக், கடக் என்று பல் ஒவ்வொன்றாக ஏறும். கடைசிப் பல்வரை அழுத்தி முடிக்காமல் வாயைத் திறக்காது. பாதியில் மனசு மாறுகிறவர்களுக்கு ஆகாத சாமான். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு மறுநாளே மாற்றிப் பேசியவர்கள் உண்டு. ராட்செட்டிடம் மாற்றிப் பேசியவர் எவரும் இல்லை. ஆகவே நம்பிப் படிக்கலாம்.

கோயமுத்தூருக்குக் கிழக்கே வெள்ளக்கரடு என்று ஓர் ஊர். அங்கே நாச்சிமுத்துவின் மின்சாரப் பேனல் போர்டு கம்பெனியில் தெய்வாத்தாளுக்கு லக் அடிக்கிற வேலை. லக் என்பது கம்பியின் நுனியில் போடுகிற செம்புத் தொப்பி. கம்பியின் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் செம்பு இழைகளை முறுக்கி, லக்குக்குள் நுழைத்து, டூலால் நசுக்கினால் செம்பும் செம்பும் தீயில்லாமலே ஒன்றாகிவிடும். அப்புறம் அதைப் போர்டில் முடுக்க வேண்டியதுதான். மற்ற பெண்கள் தோல் சீவி முடிப்பதற்குள் தெய்வாத்தாள் மூன்று லக் அடித்து ஓரமாக வைத்திருப்பாள். "அவளைப் பாருங்க, கையா அது, மிசினு!" என்று நாச்சிமுத்து எல்லோருக்கும் அவளை உதாரணம் காட்டுவார். எப்படி என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. விற்ற போர்டுகள் ஏன் வரிசையாகத் திரும்பி வருகின்றன என்பது மட்டும் நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. சனி பார்க்கிறது என்று சனிக்கிழமை தோறும் எள் விளக்குப் போட்டு வந்தார்.

சனி நிஜமாகவே குடியிருந்தது தெய்வாத்தாள் வீட்டில். அவள் புருஷன் குப்பணன் குடையை எடுத்தால் மழை நிற்கும், வைத்துவிட்டுப் போனால் பெய்யும். ஊர் விவசாயிகள் வானிலை அறிக்கையை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்து விதைத்தார்கள். சினையாடு என்று சந்தையில் அவன் பிடித்துவந்த ஆடு, வீடு வந்து சேர்ந்ததும் கிடாவாக இருந்தது. எதிரே அவன் வந்தால் சனங்கள் செருப்பைக் கழற்றி உதறிவிட்டு, கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அவனும் யாருக்கும் தொந்தரவு வேண்டாமென்று சந்து வழியாகவே நடமாடிக்கொண்டிருந்தான்.

இப்படியிருந்த ஊருக்குத்தான் முனைவர் இளம்பரிதி வந்து சேர்ந்தார்.

அவர் தலைநகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் மின்சாரப் பிரிவின் தலைவர். ஒருநாள் தன் சோதனைச்சாலைக்கு 'செம்பு லக், ஐம்பது பெட்டி' என்று சுத்தமான தமிழில் கொள்முதல் ஆணை போட்டார். கோப்புகளையெல்லாம் மனிதர்கள் படிப்பதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தணிக்கையும் ஒரு மொழிபெயர்ப்பு இயந்திரத்தின் கையில் இருந்தது. ஆங்கிலத்தில் g, k என்று பிரியும் ஒலிகளுக்குத் தமிழில் ககரம் என்ற ஒரே எழுத்து. கம்பி நுனியில் மாட்டுகிற லக்கும் அதேதான், லாட்டரிச்சீட்டில் எதிர்பார்க்கிற லக்கும் அதேதான். இயந்திரம் யோசித்துப் பார்த்து, பெரிய பதவியில் இருப்பவர் எதை வாங்குவார் என்று தீர்மானித்து, கேள்வி அனுப்பியது: 'ஐம்பது பெட்டி அதிர்ஷ்டம் வாங்கியுள்ளீர்கள். பயன்பாட்டுச் சான்றை உடனே அனுப்பவும்.'

அவர் தவறு என்று பதில் எழுதினார். இயந்திரத்துக்குத் தவறு என்ற பதில் தெரியாது. 'ஆராய்ச்சி முடிந்தது', 'ஆராய்ச்சி நடக்கிறது' என்று இரண்டே பொத்தான்கள் வைத்திருந்தது. உத்தியோகத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் இரண்டாவதை அழுத்தினார். அழுத்திய பாவத்துக்கு ஒரு கம்பியின் இரு முனையிலும் லக் அடித்து, ஒரு முனையைத் தன் கையிலும் மறு முனையைக் குமாஸ்தாவின் கையிலும் கட்டிப் பார்த்தார். அடுத்த வாரமே குமாஸ்தாவுக்குச் சொந்த ஊருக்கு மாற்றல் கிடைத்தது. இவருக்கு மாமியார் வந்து இறங்கினார். லக் ஓடுகிறது என்பதற்கு இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

விரிவான சோதனைக்கு ஓர் ஊர் வேண்டியிருந்தது. லக் அடிப்பதில் பேர்போன கை வெள்ளக்கரட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவர், கம்பெனி வாசலில் ஊரைக் கூட்டினார்.

"லக்கும் தண்ணி மாதிரிதாங்க. மேட்டிலேருந்து பள்ளத்துக்கு ஓடும். ஆனா செம்புல மட்டும்தான் ஓடும். ஈயம் ஊத்திப் பத்தவெச்சா சூட்டுல செத்துப்போயிடும். கையால நசுக்கிச் சேர்த்தாத்தான் உயிரோட போகும்" என்றார்.

"அப்ப எங்கூட்டு லக்கு ஓடிப் பக்கத்தூட்டுக்குப் போயிராதுங்களா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அவர் வீட்டுதும் உங்களுக்கு வருமே."

"அவனூட்டுல என்னுங்க இருக்குது, வர்றதுக்கு?"

மேற்கு வீதிக்காரர்கள், கிழக்கு வீதியைத் தொட்டுவந்த லக் தங்களுக்கு ஆகாது, தனிக் கம்பி வேண்டும் என்றார்கள். கிடைத்தது. விஞ்ஞானம் ஊர் வழக்கத்தில் தலையிடுவதில்லை.

நாச்சிமுத்துவின் போர்ட்டிகோவில் மெயின் போர்டு ஏறியது. அங்கிருந்து வீட்டுக்கு வீடு கம்பி. ஆண்களுக்கு அரைஞாண் கொடியில், பெண்களுக்குக் கால் மெட்டியில் இணைப்பு. கிளிப்பை மாட்டிக்கொண்டுதான் சாப்பிட உட்கார வேண்டும், தூங்கப் போக வேண்டும். அத்தனை முனைக்கும் தெய்வாத்தாளே லக் அடித்தாள். இளம்பரிதி அவள் வேகத்தைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சின்ன விஷயம். நல்லது ஓடுற கம்பியில கெட்டதும் கசியும். அது போய் இறங்க ஒரு எர்த் வேணும்."

"அதுக்கென்னுங்க சார், தகட்டைப் பொதைச்சுப் போடலாம்" என்றார் நாச்சிமுத்து.

"தகடு பத்தாது. கெட்ட நேரம் மண்ணுல ஒட்டாது, மனுஷன் மேலதான் ஒட்டும். ஒரு ஆள் வேணும்."

ஆளுக்கு ஆள் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசை பெஞ்சு ஒன்று மடேரென்று முறிந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே கிடந்தவன் குப்பணன்.

"இருக்கவே இருக்கறான்!" என்றார் நாச்சிமுத்து, தொலைத்த சாவி கிடைத்தவர் மாதிரி.

தெய்வாத்தாள் வாயைத் திறப்பதற்குள் குப்பணன் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு, "ஊருக்கு உபகாரம்னா நான் வர்றனுங்க" என்று சொல்லிவிட்டான். அவனை ஊர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

எர்த் குழி என்றால் கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது பேனல் போர்டு ஊரில் எல்லோருக்கும் தெரியும். அம்மன் கோயில் மைதானத்து ஓரம் குழி வெட்டி, கரி பரப்பி, உப்பு மூட்டையைக் கவிழ்த்து, நடுவில் ஒரு முக்காலி போட்டுக் குப்பணனை உட்கார வைத்தார்கள். இடுப்பில் பச்சைக் கம்பி. காலையில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அவன் முழங்கால் மட்டும் ஊற்றிவிட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். 'எர்த்தண்ணன்' என்று பேரும் ஆனது.

"எந்திரிச்சு ஊட்டுக்கு வாங்க" என்றாள் தெய்வாத்தாள்.

"போ புள்ள. முன்னெல்லாம் நான் எதுக்க வந்தாச் செருப்பை ஒதறுவாங்க. இப்ப எம்பட மூஞ்சியில முழிச்சுட்டுத்தான் சோலிக்கே போறாங்க. நாச்சிமுத்து மொதலாளி இன்னைக்கு என்னைய 'வாங்க'ன்னாரு."

"குழிக்குள்ள உக்காந்திருக்கறவரை எங்க வரச் சொன்னாராம்?"

"சொன்னாரில்ல, அது போதும்."

ஊருக்கு லக் அடித்தது. ஒருவர் மாடு இரட்டைக் கன்று போட்டது. இன்னொருவர் மகனுக்குச் செவ்வாய்க் கிரகத்து கேன்டீனில் பரோட்டா மாஸ்டர் வேலை வந்தது. நாச்சிமுத்துவின் போர்டுகள் திரும்பி வருவது நின்றது. வாங்குவதை எல்லோரும் நிறுத்தியிருந்தார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்லதெல்லாம் லைன் கொடுத்தது என்றார்கள். கெட்டது நடந்தால் காரணம் ஒன்றேதான்: எர்த் காய்ந்துவிட்டது. தயிர் புளித்தால் ஒரு குடம். மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனால் இரண்டு குடமும் ஒரு படி உப்பும். உள்ளூர் கிரிக்கெட் அணி தோற்ற அன்று லாரித் தண்ணீர் வந்தது.

சித்திரை வெயிலும் உப்புத் தண்ணீருமாகக் குப்பணனின் கால் தோல் வெள்ளரிப்பழம் மாதிரி வெடித்தது. காய்ச்சல் விட்டுவிட்டு அடித்தது. இருமினால் கரி வந்தது. தெய்வாத்தாள் வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துக் குழிக்குள் இறங்கித் தடவுவாள். அவள் தடவிவிட்டு ஏறுவதற்குள் மேலேயிருந்து அடுத்த குடம் கவிழும்.

"வலிக்குதுங்களா?"

"இல்ல புள்ள." அவள் விரல் அடுத்த வெடிப்பில் பட்டதும், "கொஞ்சம்" என்றான்.

அந்த வாரம்தான் நாச்சிமுத்து புதிய யோசனையோடு வந்தார். எந்த எர்த் குழியும் மூடியில்லாமல் இருக்கக்கூடாதாம். கழுத்தளவு கரியை நிரப்பி, மேலே சிமெண்ட் மூடி போட்டு, தண்ணீர் ஊற்ற ஒரு புனலும் மூச்சுவிட ஓர் ஓட்டையும் வைத்துவிட்டால் வேலை சுத்தம். ஆடு மாடும் விழாது. மூடிக்கு அச்சு கூட வார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம்.

தெய்வாத்தாள் நேராக இளம்பரிதி தங்கியிருந்த கம்பெனி விருந்தினர் அறைக்குப் போனாள். அவர் அறிக்கையைச் சொல்லச் சொல்ல ஒரு பெட்டி எழுதிக்கொண்டிருந்தது.

"சார், எம்பட ஊட்டுக்காரரை அவுத்து உட்டுருங்க. அவரு மேல ஒண்ணும் எறங்கலீங்க."

"அதெப்படிம்மா நீ சொல்ல முடியும்?"

தெய்வாத்தாள் அவருடைய அரைஞாணில் தொங்கிய கம்பியை இழுத்து, லக்கைப் பிளந்து காட்டினாள். உள்ளே சிவப்புத் தோல் பளபளவென்று அப்படியே இருந்தது. செம்பு இழை ஒன்றுகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

"தோல் சீவலியா?"

"அதுக்கெங்கீங்க நேரம்? தோலோட சேத்து அமுக்கிருவனுங்க. பாக்கறதுக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும்."

"இந்த ஒண்ணு மட்டுமா?"

"எந்த ஒண்ணுங்க? ஊர் பூராத்தான். நான் வேலைக்குச் சேந்ததுல இருந்து அப்பிடித்தானுங்க."

இளம்பரிதி கட்டிலில் உட்கார்ந்தார். ஊர் முழுக்க ஓர் இடத்தில்கூட செம்போடு செம்பு தொடவில்லை. லக் எதுவும் ஓடவில்லை. எழுதும் பெட்டி அவர் அடுத்து என்ன சொல்வார் என்று காத்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "ரெட்டைக் கன்னு போட்டுதே?"

"மாடு போட்டுதுங்க."

"செவ்வாய்க்கு வேலை?"

"பையன் பரோட்டா நல்லா வீசுவானுங்க."

அவர் பிளந்த லக்கைத் திரும்ப அமுக்கி மூடினார். பிறகு முகம் தெளிந்தது. "இதோ பாரும்மா. பத்து ஊருக்கு லைன் இழுக்கச் சொல்லி மேலிடத்துல உத்தரவு ஆயாச்சு. எனக்கு இயக்குநர் பதவி வந்துட்டிருக்கு. முடிவு நல்லா வந்திருக்கும்போது கம்பி தொட்டுச்சா இல்லையான்னு பாக்குறது ஆராய்ச்சி ஒழுக்கம் ஆகாது. நீயும் வெளியில சொன்னா உன் வேலை போகும். ஊரும் உன்னைச் சும்மா விடாது."

"அப்ப அவரு மேல மூடி போடுவீங்களா?"

"ஓட்டை இருக்கில்ல?"

வெள்ளிக்கிழமை நாதஸ்வரத்தோடு மூடி டெம்போவில் வந்து இறங்கியது. ஊர் கூடிவிட்டது. நாச்சிமுத்து பட்டு வேட்டியில், போர்ட்டிகோவிலிருந்து இழுத்துவந்த நீளக் கம்பி இடுப்பில் மாட்டியபடியே நின்றார். ஒரு நிமிஷம்கூட லக் விட்டுப்போகக் கூடாதென்பது அவர் கொள்கை. குழிக்குள் குப்பணன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே, வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மணி, தடிக் கம்பியில பெரிய லக்கா அடிச்சு உன்ற புருசன் அரைஞாணுல நெலையா மாட்டி உட்ரு. பொறவு மூடிப்போடலாம்" என்றார் நாச்சிமுத்து.

தெய்வாத்தாள் டூலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஒரு சந்தேகமுங்க மொதலாளி. நம்ம கம்பெனியில ஒரு போர்டுக்கு எத்தனை எர்த் குடுப்பமுங்க?"

"என்ன கேள்வி இது? ரெண்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தோணுமில்ல? அதான சட்டம்!"

"அப்ப ஊருக்கு மட்டும் ஒண்ணு போதுங்களா?"

கூட்டத்தில் சலசலப்பு. "அதான!" என்றது கிழக்கு வீதி. "ஒத்தை எர்த்துல இத்தனை நாளா உட்டு வெச்சிருக்கறாங்க" என்றது மேற்கு வீதி. இரண்டு வீதியும் ஒரே கருத்துச் சொன்னது அன்றுதான்.

"ரெண்டாவது எர்த்து மெயின் போர்டுக்குப் பக்கத்துல இருக்கோணுமுங்க" என்றாள் தெய்வாத்தாள். "மெயின் போர்டு யாரூட்டுலீங்க இருக்குது?"

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அதே பார்வை, பெஞ்சு முறிந்த அன்று பார்த்தார்களே, அது. அவர் ஓர் அடி பின்னால் வைப்பதற்குள் தெய்வாத்தாள் அவருடைய வெள்ளி அரைஞாண் கொடியின் தொங்கலையும் எர்த் குழியின் பச்சைக் கம்பியையும் ஒரே லக்குக்குள் திணித்து, டூலின் வாயில் கொடுத்து அழுத்தினாள்.

கடக்.

"ஏய்! என்ன பண்றே? எடு அதை!"

"எடுக்க முடியாதுங்களே. உங்குளுக்குத் தெரியாததா? பல்லு ஏறிருச்சு. முடிச்சாத்தான் தொறக்கும்."

கடக்.

"இன்னும் ரெண்டு பல்லு இருக்குதுங்க. அமுங்கிருச்சுன்னா நீங்கதான் எர்த்து. ஏனுங்க" என்று குழியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், "சித்த நகுந்து உக்காருங்க, மொதலாளி வர்றாரு."

குப்பணன் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டான். ஒரு பெண் கையிலிருந்த குடத்தைச் சாய்த்து, நாச்சிமுத்துவின் பட்டு வேட்டிக் கரையில் முதல் தண்ணீரை ஊற்றியே விட்டாள். நாச்சிமுத்து இழுத்தார். தெய்வாத்தாள் கையிலிருந்த டூல் அரைஞாணை விடவில்லை. உருவிக்கொண்டு ஓடலாமென்றால் அரைஞாணோடு வேட்டியும் வரும் போலிருந்தது.

"சார்! ஏதாச்சும் சொல்லுங்க சார்!" என்று அலறினார். "உங்குளுக்கு எடம் குடுத்தவன் நான்! நான் போய்ட்டன்னா லைனே இல்ல, பாத்துக்குங்க!"

இளம்பரிதி நாச்சிமுத்துவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், மெயின் போர்டு இருந்த திசையைப் பார்த்தார். அறிவியல் வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்புகள் இப்படிப்பட்ட கணத்தில்தான் நிகழ்கின்றன.

"இந்த மாடலுக்கு எர்த்தே தேவையில்லை" என்றார்.

"எப்ப இருந்துங்க சார்?" என்றாள் தெய்வாத்தாள், கைப்பிடியை விடாமல்.

"போன வாரமே தெரிஞ்சுபோச்சு. சொல்ல மறந்துட்டேன். கசியுற கெட்டது காத்துலயே கரைஞ்சுடுது."

"அப்ப மனுசன் மேல ஒட்டாதுங்களா?"

"ஒட்டாது, ஒட்டாது!" என்று முனைவரை முந்திக்கொண்டு நாச்சிமுத்து பதில் சொன்னார்.

ஊர் அதை உடனே ஒப்புக்கொண்டது. ஏழையைக் குழிக்குள் இறக்க வேண்டுமென்றால் விஞ்ஞானத்துக்கு ஒரு கூட்டம் போதும்; பணக்காரரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதுவும் வேண்டியதில்லை. நாலு பேர் குழிக்குள் இறங்கிக் குப்பணனைத் தூக்கி வெளியே விட்டார்கள். தெய்வாத்தாள் டூலைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு, புருஷனின் தோளுக்குக் கை கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள். வாசலில் நிலைப்படி அவன் நெற்றியில் இடித்தது.

கால் ஆறி அவன் நடமாட ஆரம்பித்த அன்று, எதிரே வந்தவர்கள் மறுபடி செருப்பைக் கழற்றி உதறினார்கள். குப்பணன் முகம் வாடித் திரும்பி வந்தான்.

"மறுக்காவும் பீடையாயிட்டேன் புள்ள."

"பீடையாவே இருங்க" என்றாள் அவள், சோற்றைப் போட்டுக்கொண்டே. "குழிக்கு வெளிய இருங்க."

லைன் இன்றும் வெள்ளக்கரட்டில் ஓடுகிறது, அதாவது தொங்குகிறது. பத்து ஊர்களுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தனைக்கும் லக் அடித்தது தெய்வாத்தாள்தான், பழைய வேகம் குறையாமல். இளம்பரிதி இயக்குநர் ஆகிவிட்டார். அந்தச் சிமெண்ட் மூடியைக் குப்பணன் வீட்டுக் கொல்லையில் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்கள். அன்று இரண்டு பல் மிச்சம் இருக்கும்போதே டூல் எப்படித் திறந்தது என்று மட்டும் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

அதன் ராட்செட் பல் தேய்ந்து வருஷக்கணக்காகிறது. சத்தம்தான் பாக்கி, கையை எடுத்தால் எந்த இடத்திலும் தானாகத் திறந்துகொள்ளும்.